அடுப்பும் விளக்கும்: குடும்பச் செலவும் பஞ்சாயத்தின் கடமையும்

(திருவண்ணாமலையில் பஞ்சாயத்து ஊழியர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கார்த்திகைத் திங்களில் இம்மலையின் உச்சியில் ஏற்றப்படும் தீபத்திற்குப் பல ஊர் மக்கள் நெய் கொடுக்கிறார்கள். பலர் கூடிக் கொடுப்பதால் அந்தச் செலவு எவருக்கும் பாரமாகத் தோன்றுவதில்லை. வீட்டு அடுப்புக்கும் வீட்டு விளக்கிற்கும் அப்படிப் பகிர்ந்து கொள்ள ஆள் இல்லை. அவற்றிற்கு வேண்டியதை அந்தந்தக் குடும்பமே தன் கூலியிலிருந்து தேடிக்கொள்ள வேண்டும். அரிசி விலை ஏறினால் ஊரே பேசுகிறது. அரிசியை வேக வைக்கும் எரிபொருளின் விலை ஏறும்போது, அந்தச் சுமையை முதலில் தாங்குகிறவர் வீட்டுத் தாய்மார். அவர் அதைப் பெரும்பாலும் வெளியில் சொல்வதும் இல்லை.

ஆகவே, எரிபொருள் விலையும் மின்கட்டணமும் எங்கே நிர்ணயமாகின்றன, அவை குடும்பத்தின்மீது எவ்வாறு விழுகின்றன, அரசாங்கம் தரும் சலுகை யாருக்குச் சேருகிறது, யாருக்குச் சேராமல் நின்றுவிடுகிறது, அதில் பஞ்சாயத்து செய்யத்தக்கது என்ன என்பனவற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நான் சொல்லப்போகும் விலைகளெல்லாம் அந்தந்தத் தேதிக்கு உரியவை. விலை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. அம்முறையையே நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

எங்கோ நிர்ணயமாகும் விலை

நம் நாட்டில் செலவாகும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து, அதிலும் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து, கப்பலில் வருகிறது. சவூதி அரேபியாவின் எண்ணெய்க் கம்பெனி மாதந்தோறும் அறிவிக்கும் விலையே இதற்கு அடிப்படை. 2020-21-இல் டன்னுக்குச் சராசரி 415 டாலராக இருந்த அவ்விலை, 2022-23-இல் 712 டாலராயிற்று. டாலருக்கு நாம் கொடுக்கும் ரூபாயும் அதே காலத்தில் கூடிற்று. ஆக, செங்கத்திலோ போளூரிலோ ஓர் அடுப்பு எரிவதற்கு ஆகும் செலவு, கடலுக்கு அப்பால் நடக்கும் காரியங்களைப் பொறுத்திருக்கிறது. எண்ணெய்க் கம்பெனிகளும் நஷ்டப்பட்டன. 2022 அக்டோபரில் மத்திய அரசாங்கம் மூன்று பொதுத்துறைக் கம்பெனிகளுக்கு 22,000 கோடி ரூபாய் ஈடு கொடுத்தது.

மின்சாரத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. நம் அனல்மின் நிலையங்களுக்கு வேண்டிய நிலக்கரி ஒரிசாவிலிருந்து பாரதீப் துறைமுகம் வழியாக எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. குறைவதை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும், காற்றாலைகளும், நீர்மின் நிலையங்களும், சூரிய ஒளியும் நமக்குப் பெருந்துணை. ஆயினும் நிலக்கரி விலையும் வாங்கிய கடனுக்கு வட்டியும் ஏறும்போது கட்டணமும் ஏறாமல் நிற்பதில்லை.

கூலிக் கணக்கில் ஒரு சிலிண்டர்

விலை உயர்வை ரூபாயில் சொன்னால் முழு உண்மையும் விளங்காது. கூலி நாட்களில் சொல்லிப் பார்ப்போம்.

2020 நவம்பரில் சென்னையில் வீட்டுச் சிலிண்டரின் விலை 610 ரூபாய். அவ்வாண்டு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டிற்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 256 ரூபாய். ஆகவே ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய இரண்டரை நாள் கூலி. 2023 மார்ச்சில் சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு. கூலி 281 ரூபாய். அதாவது நான்கு நாள் கூலி. பின்னர் 2023 ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைத்தனர். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் கூட்டினர். அப்போது விலை 868 ரூபாய் 50 காசு, கூலி 336 ரூபாய். கணக்கு மீண்டும் இரண்டரை நாளுக்குச் சற்று மேல் வந்து நின்றது. அளவுப்படி வேலை முடியாதவர்க்கு அறிவிக்கப்பட்ட கூலி முழுதும் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

மாதச் சம்பளக்காரர் வீட்டில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு முணுமுணுப்போடு போய்விடும். அன்றாடக் கூலி வீட்டில் அது பால், எண்ணெய், பிள்ளையின் நோட்டுப்புத்தகம் ஆகியவற்றில் ஒன்றைக் குறைத்துவிட்டுத்தான் போகும்.

ஏழைக் குடும்பத்துப் பெண்களின் பெயரில் இணைப்புக் கொடுக்கும் உஜ்வலா திட்டம் 2016 மே முதல் தேதி தொடங்கியது. அவர்களுக்கு 2022 மே முதல் சிலிண்டருக்கு 200 ரூபாயும், 2023 அக்டோபர் முதல் 300 ரூபாயும் மானியமாக நிர்ணயிக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2015 முதல் மானியம் பாங்குக் கணக்கிற்குப் போகிறது; சிலிண்டர் வாங்கும் அன்று முழு விலையும் கையில் இருக்க வேண்டும். கூலிக்காரர் வீட்டில் ஒரே நாளில் எண்ணூறு, ஆயிரம் ரூபாயை எடுத்து வைப்பது எளிதன்று. விறகோ நாளுக்கு ஒரு சுமையாக வருகிறது. இணைப்பு இருந்தும் அடுப்பு மூலையில் கிடப்பதற்கு இதுவே பெரும் காரணம். இணைப்புகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திருப்தி கொள்ளுதல் தகாது. ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர் வாங்கினார்கள் என்பதே உரைகல்.

விறகு இலவசமா?

விறகுக்குக் காசு கொடுப்பதில்லை, ஆகவே செலவில்லை என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். வேலிக்காத்தான் வெட்டி, கட்டி, தலையில் சுமந்து வரும் நேரத்திற்குக் கூலி கணக்கிட்டால் அப்படிச் சொல்ல முடியாது. புகையினால் தாய்மார்க்கும், அவர் இடுப்பிலிருக்கும் குழந்தைக்கும் வரும் நுரையீரல் நோயின் செலவு வேறு. மரத்தின் கணக்கு மற்றொன்று. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் இடம் கொடுத்து மொட்டையாகி நின்ற இந்த அண்ணாமலையில் மரம் வளர்க்கும் முயற்சி 1980-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்த பிறகே பசுமை மெல்லத் திரும்பியது. கோடையில் பற்றும் ஒரு தீ அந்த உழைப்பின் ஒரு பகுதியை அழித்துவிடுகிறது. ஜவ்வாது மலைச் சிற்றூர்களிலோ சிலிண்டர் வண்டி வீட்டு வாசல்வரை வருவது அரிது. அங்கே விறகை விடச் சொல்லுமுன் மாற்றுக்கு வழி காட்ட வேண்டும்.

புகையில்லா அடுப்பு நமக்குப் புதிதல்ல. சமுதாய அபிவிருத்தித் திட்டக் காலத்திலேயே அதைப் பரப்பினார்கள். 1983-இல் மத்திய அரசாங்கம் அதற்கென ஒரு தேசியத் திட்டமே தொடங்கியது. பல அடுப்புகள் ஓரிரு ஆண்டுகளில் கைவிடப்பட்டன. புகைபோக்கி அடைத்தது, சரிசெய்வார் இல்லை. கொடுப்பதோடு வேலை முடிவதில்லை, பராமரிப்பில்தான் பயன் இருக்கிறது என்ற பாடத்தை அதிலிருந்து கற்க வேண்டும்.

மின்சாரக் கணக்கு

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்ற சலுகை 2016 மே 23 முதல் வந்தது. 2014 டிசம்பருக்குப் பின் மாறாதிருந்த கட்டணம் 2022 செப்டம்பர் 10-இல் உயர்ந்தது. அந்த ஆணையின்படி, இரண்டு மாதத்தில் 200 யூனிட் செலவழித்த வீட்டின் கட்டணம் 170 ரூபாயிலிருந்து 225 ரூபாயாயிற்று. 500 யூனிட் வீட்டிற்கு 1,130 ரூபாய் 1,725 ரூபாயாயிற்று.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கு இருந்த 2 ரூபாய் 25 காசு என்ற குறைந்த விலையும் போய், அவற்றிற்கும் 2022 ஆணைப்படி 4 ரூபாய் 50 காசு விழுந்தது. ஆகவே 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் கட்டிய வீடு, 501-ஆவது யூனிட்டுக்கு 1,958 ரூபாய் கட்ட நேரிட்டது. ஒரே யூனிட்டினால் 233 ரூபாய் வேறுபாடு.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். அதே ஆணை, விலைவாசிக் குறியெண் ஏறினால் அதை ஒட்டி, ஆறு விழுக்காட்டிற்கு மேற்படாமல், ஆண்டுதோறும் ஜூலையில் கட்டணத்தை உயர்த்த வழி செய்தது. அதன்படி 2024 ஜூலையில் 4.83 விழுக்காடு உயர்ந்தது. 2023-லும் 2025-லும் வந்த உயர்வை வீடுகளுக்கு மாநில அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. கடையில் விலை ஏறுவதால் மின்கட்டணம் ஏறுகிறது. மின்கட்டணம் ஏறுவதால் மாவுமில்லிலும் அரிசி ஆலையிலும் கூலி ஏறுகிறது. ஒன்றை ஒன்று தள்ளும் இந்தச் சுழற்சியில் நடுவே நிற்பது குடும்பம்.

மீட்டர் இல்லாதவர் நிலை

சலுகையெல்லாம் மீட்டரின் பெயரில் வருகிறது. தன் பெயரில் மீட்டர் இல்லாத குடும்பத்திற்கு அது வருவதில்லை. நகரத்தில் ஒற்றை அறையில் குடியிருப்போர் பலர், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொன்னதைக் கொடுக்கின்றனர். முதல் 100 யூனிட் இலவசம் என்பது அவர்களுக்குச் செய்தி மாத்திரமே. பௌர்ணமிதோறும் கிரிவலத்திற்குப் பெருங்கூட்டம் வரும் இந்த ஊரில், இட்லிக் கடையிலும் தேநீர்க் கடையிலும் வேலை செய்யும் குடும்பங்களின் நிலை பெரும்பாலும் இதுதான். அக்கடைகளின் அடுப்புக்கும் மானியம் இல்லை. 19 கிலோ வியாபாரச் சிலிண்டர் 2022 மே மாதத்தில் சென்னையில் 2,500 ரூபாயைத் தாண்டிற்று. கடைக்காரர் இட்லியின் விலையைக் கூட்டினார், அல்லது அளவைக் குறைத்தார்.

கிராமத்திலும் ஒரு கூரையின் கீழ் அண்ணன் தம்பி இரு குடும்பங்கள் தனித்தனியே சமைத்து, ஒரே மீட்டரில் காலம் தள்ளுவது உண்டு. ஆளுக்கு 260 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 520. 2022 ஆணைப்படி அதற்கு 2,110 ரூபாய். தனித்தனி மீட்டர் இருந்தால் ஒவ்வொரு குடும்பத்திற்கும் 495 ரூபாய். இரண்டும் சேர்ந்து 990 ரூபாய். வேறுபாடு 1,120 ரூபாய். ஒரே குடும்பம் சலுகைக்காக இரண்டு மீட்டர் வைத்துக்கொள்ளுதல் விதிக்கு மாறானது. உண்மையாகவே தனிப் பகுதியும் தனிச் சமையலும் உள்ளவர்கள் விதிப்படி தனி இணைப்பு கேட்பதில் பிழையில்லை. விண்ணப்பம் எழுதத் தெரியாமையும், இடத்திற்கு ஆதாரமான சீட்டு கையில் இல்லாமையுமே பலருக்குத் தடை. இந்தத் தடையைப் பஞ்சாயத்து நீக்க முடியும்.

வயலிலிருந்து அடுப்புக்கு

விவசாயி வீட்டில் நிலத்துச் செலவையும் அடுப்புச் செலவையும் பிரிக்க முடியாது. 1958-இல் கட்டி முடிந்த சாத்தனூர் அணையின் பாசனப் பகுதி நீங்கலாக, நம் மாவட்டத்தின் பெரும்பகுதி ஏரியையும் கிணற்றையும் நம்பியது. மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மின்சாரப் பம்பு வந்த பிறகே நெல்லும் கரும்பும் மணிலாவும் பெருகின. 1973-74-இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் வட ஆர்க்காட்டுக் கிராமங்களைத் தேர்ந்து ஆராய்ந்தபோது, கிணறும் பம்புமே இப்பகுதி வேளாண்மையின் அடிப்படை என்பதை விரிவாக எழுதினர்.

பம்புக்கு மின்சாரம் எளிதில் கிடைத்ததில்லை. 1970-இல் கட்டண உயர்வை எதிர்த்துக் கோவைப் பகுதி விவசாயிகள் நாராயணசாமி நாயுடு தலைமையில் கிளர்ந்தனர். பெருமாநல்லூரில் மூவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்பு மின்சாரம் இலவசமாயிற்று. சுமார் 23 லட்சம் இணைப்புகள் இன்று அதனால் பயன் பெறுகின்றன. மின்சாரம் இலவசமானாலும் தண்ணீர் இலவசமாகிவிடவில்லை. நீர்மட்டம் இறங்க இறங்க ஆழ்துளை போடவும், பெரிய மோட்டார் வாங்கவும் செலவு ஏறுகிறது. மோட்டாரில் மிச்சப்பட்டது துளையில் போய்விடுகிறது.

டீசலுக்கோ இலவசமும் இல்லை, மானியமும் இல்லை. 2014 அக்டோபரில் அதன் விலைக் கட்டுப்பாடு நீங்கிற்று. 2022 ஏப்ரலில் சென்னையில் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி, மே மாதத்தில் மத்திய வரி குறைந்தபின் 94 ரூபாய்க்கு வந்தது. டிராக்டர் உழவும், அறுவடை இயந்திரமும், காய்கறி ஏற்றும் வண்டியும் இதில் ஓடுகின்றன. ஏறிய வாடகை, டீசல் விலை இறங்கும்போது அதே வேகத்தில் இறங்குவதில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

சிக்கனம் என்றால் இருட்டில் உட்காருவது என்று பொருளல்ல. 2011-இல் தொடங்கி அரசாங்கம் மின்விசிறியும் மிக்சியும் கிரைண்டரும் வழங்கிற்று. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் தாய்மார் இனித் திரும்ப வேண்டும் என்று எவரும் சொல்லார். எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்பதை மட்டும் அறிந்தால் போதும்.

75 வாட் பழைய மின்விசிறி நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் ஆகும். 28 வாட் புதுவகை விசிறிக்கு 20 யூனிட் போதும். 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் 18 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு மூன்று யூனிட்டும் ஆகாது. பழைய விசிறி இரண்டு ஓடும் வீடு இலவச 100 யூனிட்டை அவற்றிலேயே செலவழித்துவிடும்.

நான்கைந்து மாடு உள்ள வீட்டில் இரண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலம் அமைக்கலாம். நாளொன்றுக்குச் சுமார் 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். முழு அளவில் நடந்தால் தினம் முக்கால் கிலோவுக்கு மேல் சிலிண்டர் வாயுவுக்கு ஈடாகும். குறைத்துக் கணக்கிட்டாலும் மாதம் ஒரு சிலிண்டருக்குக் குறையாது. கழிவு நல்ல எரு. தினமும் கரைத்து ஊற்ற ஆள் இல்லாத வீட்டில் இதைத் தொடங்க வேண்டாம்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய கூரைச் சூரிய மின் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன. ஒரு கிலோவாட் நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். சொந்தக் கூரையும் 400, 500 யூனிட் செலவும் உள்ள வீட்டிற்கு இது லாபம். 100 யூனிட்டுக்குள் வாழும் ஏழை வீட்டிற்கு இதனால் மிச்சம் இல்லை. அவரைக் கடன் வாங்கத் தூண்டுதல் கூடாது.

பஞ்சாயத்தின் சொந்தக் கணக்கு

கிராமப் பஞ்சாயத்தின் இரண்டாம் எண் கணக்கு எதற்கென்று இங்குள்ள பலரும் அறிவீர்கள். மின்கட்டணமும் குடிநீர்க் கட்டணமும் செலுத்தவே அது தனியாக வைக்கப்பட்டது. தெருவிளக்கும் மேல்நிலைத் தொட்டியின் மோட்டாரும் அக்கணக்கைத் தின்கின்றன. இதுவும் குடும்பச் செலவே. சாலைக்கும் கழிவுநீர்க் காலுக்கும் போகவேண்டிய பணம் இங்கே கரைகிறது.

ஓர் ஊரில் 100 தெருவிளக்கு. பழைய குழல்விளக்கு சோக்குடன் 50 வாட். இரவு 11 மணி நேரத்தில் 55 யூனிட். அவற்றை 20 வாட் எல்.இ.டி. விளக்காக மாற்றினால் 22 யூனிட். மிச்சம் நாளுக்கு 33 யூனிட், ஆண்டுக்கு 12,000 யூனிட்டுக்கு மேல். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஏறக்குறைய 96,000 ரூபாய். பகலிலும் எரியும் விளக்கு, நிரம்பி வழியும் தொட்டி, ஒழுகும் குழாய், தேய்ந்த பம்பு ஆகியவற்றின் கணக்கு தனி. பொழுது விடிந்ததும் சுவிட்சை அணைக்க ஓர் ஆளைப் பொறுப்பாக்குவதற்கு எந்தத் திட்டமும் வரவேண்டுவதில்லை.

கிராம சபையில் வைக்க வேண்டியவை

உலகச் சந்தையின் விலையை நாம் மாற்ற முடியாது. கட்டண ஆணையையும் இக்கூட்டம் திருத்த முடியாது. சலுகை போய்ச் சேர வேண்டிய வீட்டிற்குச் சேருகிறதா என்று தெருத்தெருவாகப் பார்ப்பது நம்மால் முடியும். சென்னையிலோ டில்லியிலோ இருப்பவரால் அதைச் செய்ய இயலாது; எந்த வீட்டில் இணைப்பு இருந்தும் விறகு எரிகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே அடுத்த கிராம சபைக்கு முன் ஐந்து காரியங்களுக்கு ஒரு ஜாபிதா தயார் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, எரிவாயு இணைப்பு இருந்தும் ஆண்டில் இரண்டு மூன்று சிலிண்டருக்கு மேல் வாங்காத வீடுகள் எவை? 14.2 கிலோவுக்குப் பதில் ஐந்து கிலோ சிலிண்டர் வாங்க உஜ்வலா குடும்பங்களுக்கு வழி உண்டு என்பதை அவர்களுக்குச் சொன்னோமா? இரண்டு, மானியம் பாங்குக் கணக்கில் விழாமல் நின்ற வீடுகள் எவை? மூன்று, தனிச் சமையல் இருந்தும் தனி மீட்டர் இல்லாத குடும்பங்கள் எத்தனை? நான்கு, இரண்டாம் எண் கணக்கில் சென்ற ஆண்டு எவ்வளவு மின்கட்டணம் கட்டினோம்? அதைச் சபையில் வாசித்துக் காட்டினோமா? ஐந்து, மாடு உள்ள வீடுகளில் சாண எரிவாயுவுக்கு ஏற்றவை எவை?

இந்த ஜாபிதாவைத் தயாரிக்கத் தாய்மார்களை முன்னிறுத்துங்கள். மகளிர் குழுவில் இருவர் ஒரு தெருவுக்குப் பொறுப்பேற்றால் ஒரு வாரத்தில் ஊர் முழுவதும் முடியும். ஆண்கள் விலை உயர்வைப் பற்றித் திண்ணையில் பேசுவார்கள். எத்தனை நாளுக்கு ஒரு சிலிண்டர் தீர்கிறது, எந்த மாதம் விறகுக்குத் திரும்பினோம் என்ற கணக்கு பெண்களிடம் இருக்கிறது.

அந்தக் கணக்கு ஒரு தாளில் ஏறிச் சபையின் முன் வந்துவிட்டால், அதிகாரியிடம் கேட்கவும் நமக்கு ஆதாரம் உண்டு. நம்மிடமே கேட்டுக்கொள்ளவும் கேள்வி உண்டு. மானியம் தருவது அரசாங்கத்தின் பொறுப்பு. அது கடைசி வீட்டு அடுப்புவரை போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது ஊரின் பொறுப்பு. அப்பொறுப்பை நீங்கள் ஏற்பீர்கள் என்று நம்புகிறேன்.